குருத்துப்பூச்சியா, வேறு ஏதாவதா? வயலில் தெரியும் அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

நடவு முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பயிர் பச்சைப்பசேலென்று தூர் (அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டு) கட்டிக்கொண்டிருக்கும். காலையில் வரப்பில் நடக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடுக்குருத்து மட்டும் பழுப்பேறிச் சுருண்டு நிற்பது கண்ணில் படும். அன்று மாலையே மருந்துக் கடைக்குக் கிளம்புகிறவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம். நானும் பல வருடம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். இப்போது முதலில் வயலில் இறங்குகிறேன். காய்ந்த குருத்தை இரண்டு விரலால் பிடித்து மேலே இழுத்துப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இந்தப் பூச்சியில் நாம் ஏமாறுவது ஒரே இடத்தில். சேதம் நம் கண்ணுக்குத் தெரியும் நாள் வேறு, மருந்து புழுவின் மேல் படக்கூடிய நாள் வேறு. குருத்து காய்ந்து தெரியும்போது புழு தண்டுக்குள் போய்ப் பல நாள் ஆகியிருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறியைப் பார்க்கும்போதும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இது அதுதானா? அதுவேதான் என்றால், இன்றைக்குச் செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா?

நான் சொல்லப்போவது காவிரி டெல்டா நெல் வயலை வைத்து. இங்கே முக்கிய எதிரி மஞ்சள் தண்டுத் துளைப்பான், ஸ்கிர்போஃபாகா இன்செர்டுலஸ். ஊரில் குருத்துப்பூச்சி என்றால் எல்லோருக்கும் தெரியும். சோளம், மக்காச்சோளம் போடுகிறவர்களுக்குப் பிற்பாதியில் தனியாகச் சொல்கிறேன்.

அறிகுறி 1: நடுக்குருத்து காய்ந்து நிற்கிறது, சுற்றியுள்ள இலைகள் பச்சையாக இருக்கின்றன

இழுத்துப் பாருங்கள். குருத்துப்பூச்சி என்றால் எந்தப் பிடிமானமும் இல்லாமல் லேசாக உருவிக்கொண்டு கையோடு வரும். வந்த குருத்தின் அடிநுனியைப் பாருங்கள். நல்ல குருத்தை வலிந்து பிடுங்கினால் அடி வெள்ளையாக, ஈரமாக இருக்கும். புழு கடித்ததில் அடி பழுப்பாக, பிய்ந்து, நைந்து இருக்கும்.

அதோடு விட்டுவிடாதீர்கள். அந்தத் தூரை அடியோடு பறித்து, நகத்தாலோ பிளேடாலோ நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே ஈர மரத்தூள் மாதிரி புழுவின் எச்சம் இருக்கும். அதைத் தள்ளினால் வெளிர் மஞ்சள் உடம்பும் பழுப்புத் தலையுமாக ஒரு புழு இருக்கும், பெரும்பாலும் ஒரு தண்டுக்கு ஒன்றுதான். நன்றாக வளர்ந்தால் இரண்டு சென்டிமீட்டர் நீளம் வரும். சில தண்டில் துளையும் எச்சமும் மட்டும் இருக்கும், புழு இருக்காது. அது பக்கத்துத் தூருக்கு இடம் மாறிவிட்டது என்று அர்த்தம்.

இழுத்தும் வரவில்லை என்றால், அல்லது உள்ளே புழுவின் தடயமே இல்லை என்றால், வேறு பக்கம் யோசிக்க வேண்டும்.

குருத்து காயாமல், வெங்காயத்தாள் மாதிரி உள்ளே கூடாகி வெளிறிய குழலாக நீண்டிருந்தால் அது ஆனைக்கொம்பன் ஈ. இதற்கும் குருத்துப்பூச்சிக்கும் செய்யும் வேலை வேறு. தூர் சாய்வாக வெட்டுப்பட்டு, வெட்டிய துண்டு பச்சையாகவே தண்ணீரில் கிடந்தால் எலி. நடவு செய்து இரண்டு மூன்று வாரத்தில் குத்தே (ஒரு இடத்தில் நட்ட நாற்றின் தூர்கள் எல்லாம்) மொத்தமாக வாடி, இலை மடங்கிச் சுருண்டால் பாக்டீரியா கருகலின் ஆரம்பமாக இருக்கலாம். அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தெளிந்த தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். சற்று நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி இழை இழையாக இறங்கினால் அது பாக்டீரியாதான். அதற்குப் பூச்சி மருந்து அடிப்பதில் ஒரு பயனும் இல்லை.

சரி, குருத்துப்பூச்சிதான் என்று உறுதியாகிவிட்டது. உடனே மருந்தா? இல்லை, எண்ண வேண்டும். வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக நடந்து, கண்ணை ஓட்டித் தேர்ந்தெடுக்காமல், இத்தனை அடிக்கு ஒன்று என்று 20 குத்து பாருங்கள். மொத்தத் தூர் எத்தனை, காய்ந்த தூர் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். குத்துக்கு 15 தூர் என்றால் மொத்தம் 300. அதில் 30 காய்ந்திருந்தால் பத்து சதவீதம். தூர் கட்டும் பருவத்துக்குப் பொருளாதாரச் சேத நிலை, அதாவது மருந்துச் செலவு செய்வது கட்டுபடியாகும் அளவு, அதுதான். அதற்குக் கீழே இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். இந்தப் பருவத்தில் போன தூருக்குப் பதிலாகப் பயிர் புதுத் தூர் வைத்துக்கொள்ளும். வரப்போரத்தில் மட்டும் எண்ணாதீர்கள், அங்கே கணக்கு தவறும்.

எண்ணும்போதே இன்னொன்று செய்யுங்கள். மூங்கில் குச்சியில் மீட்டருக்கு மீட்டர் ஒரு சதுரச் சட்டம் கட்டி, வயலில் நான்கைந்து இடத்தில் போட்டு, அதற்குள் இருக்கும் காய்ந்த குருத்தை எல்லாம் உருவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். புதிதாகக் காய்ந்த குருத்து இருந்தால் புழு இன்னும் வேலை செய்கிறது. இல்லையென்றால் அந்த அலை ஓய்ந்துவிட்டது. இதைச் செய்யாமல் போனால், போன வாரம் காய்ந்த அதே குருத்தை மறுபடி பார்த்து, "இன்னும் கேட்கலையே" என்று இரண்டாவது தடவையும் மருந்து வாங்குவோம். காய்ந்த குருத்து எந்த மருந்துக்கும் திரும்பப் பச்சையாகாது.

அறிகுறி 2: இலை நுனியில் பழுப்பு நிறத்தில் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கிறது

நாம் தேடிப் போக வேண்டிய அறிகுறி இதுதான். சேதம் ஆரம்பிப்பதற்கு முன் பயிரிலேயே கிடைக்கும் எச்சரிக்கை.

தாய் அந்துப்பூச்சி இலையின் நுனிப் பக்கத்தில் முட்டையைக் குவியலாக இட்டு, தன் வால் நுனியில் இருக்கும் மயிரை உதிர்த்து அதன் மேல் போர்த்திவிடும். எட்ட நின்று பார்த்தால் இலையில் சேறு தெறித்துக் காய்ந்த மாதிரி இருக்கும். கிட்டத்தில் பார்த்தால் மங்கிய மஞ்சள் கலந்த பழுப்பில், கம்பளித் துண்டை ஒட்டி வைத்ததுபோல் மெத்தென்று தெரியும். விரலால் தடவினால் மேல் மயிர் வழுக்கிக்கொண்டு போய், அடியில் முட்டைகள் நெருக்கமாக இருக்கும். ஒரு குவியலில் 15 முதல் 80 முட்டை வரை உண்டு. பொரிக்க 5 முதல் 8 நாள்.

பொரித்த குஞ்சுப் புழு நேரே தண்டைத் துளைப்பதில்லை. நூலிழை விட்டுத் தொங்கும், காற்றில் ஆடி அடுத்த குத்துக்குப் போகும், தண்ணீரில் மிதந்தும் போகும். பிறகு இலையுறைக்கும் தண்டுக்கும் நடுவில் புகுந்து, அங்கே சில நாள் தின்றுவிட்டுத்தான் உள்ளே துளைக்கும். முட்டையிலிருந்து வெளியே வந்து தண்டுக்குள் போகும்வரை உள்ள அந்தச் சில நாள்தான் நமக்குக் கிடைக்கும் வாசல். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அது தண்டுக்குள்தான்.

முதலில் நாற்றங்காலில் தேடுங்கள். நாற்றுப் பறித்து முடிக்கட்டி வைத்த பிறகு, நுனியைக் கிள்ளிவிட்டு நடுவது நம் பெரியவர்கள் செய்து வந்த வேலை. முட்டை நுனியில்தான் இருக்கும் என்பதால் அந்த ஒரு கிள்ளில் நிறையப் போய்விடும். இப்போது பாய் நாற்றங்காலும் நடவு இயந்திரமும் வந்த பிறகு இந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. இயந்திர நடவுக்காரர்கள் நாற்றுத் தட்டை வயலுக்கு எடுக்கும் முன் ஒரு தடவை உட்கார்ந்து கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

நட்ட வயலில் அதே மூங்கில் சட்டத்தைப் போட்டுப் பாருங்கள். சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல் இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. கையால் பறிக்க முடிந்தால் பறிக்கலாம். ஆனால் பறித்ததை உடனே நசுக்கவோ எரிக்கவோ வேண்டாம். நிறையக் குவியலில் நன்மை செய்யும் குளவிகள் ஏற்கெனவே முட்டை வைத்திருக்கும். சல்லடைத் துணி கட்டிய மூங்கில் கூண்டிலோ துளையிட்ட டப்பாவிலோ போட்டு, வரப்போரம் தண்ணீர் நடுவே வைத்தால் குளவி பறந்து வெளியே வந்துவிடும், புழு தண்ணீரைத் தாண்டிப் பயிருக்குப் போகாது.

முட்டை ஒட்டுண்ணி அட்டை, அதாவது பூச்சியின் முட்டையைத் தாக்கும் சிறு குளவி வெளிவரும் அட்டை, கட்டுவதும் இந்த நேரத்தில்தான். நெல் குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்று கேட்டு வாங்குங்கள். கைலோனிஸ் என்பது இலைச்சுருட்டுப்புழுவுக்கு, இரண்டையும் மாற்றி வாங்கி வருகிறவர்கள் உண்டு. நட்ட 30-ஆம் நாளும் 37-ஆம் நாளும், ஏக்கருக்கு ஒவ்வொரு தடவையும் 2 சி.சி. (அட்டையில் ஒட்டிய முட்டையின் அளவு). அட்டையைச் சிறு துண்டுகளாக்கி, வெயில் ஏறுவதற்கு முன்போ சாயங்காலமோ, இலையின் அடிப்புறத்தில் குத்தி வையுங்கள். கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் பூச்சி மருந்து கூடாது. முட்டையின் மேல் மயிர்ப் போர்வை இருப்பதால் அடியில் உள்ள எல்லா முட்டையையும் இந்தக் குளவி எட்டிவிடாது. அதனால் அட்டை கட்டியாகிவிட்டது என்று வயலைப் பார்ப்பதை நிறுத்திவிட வேண்டாம்.

அறிகுறி 3: விளக்கடியில் மஞ்சள் அந்து வருகிறது

ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட இரவில் மோட்டார் கொட்டகை பல்பைச் சுற்றிப் பாருங்கள். வைக்கோல் மஞ்சளில், இறக்கைக்கு ஒரு கறுப்புப் பொட்டு தெளிவாக வைத்த அந்து உட்கார்ந்திருந்தால் அது பெண். ஆண் சிறியது, பழுப்பு, பொட்டு மங்கல். பெண் அந்து வந்துவிட்டால் முட்டை வந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். அந்து அதிகமாக வந்த நாளிலிருந்து ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சுப் புழு வெளியே நடமாடும். மருந்து அடிப்பதாக இருந்தால் அந்த நாட்கள்தான் சரியான நாட்கள். விளக்குப்பொறி வைத்தால் இரவு ஏழு மணியிலிருந்து பத்து, பதினொரு மணிவரை எரிந்தால் போதும். விடிய விடிய எரித்தால் நல்ல பூச்சிகளும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். இனக்கவர்ச்சிப் பொறி கண்காணிக்க மட்டும் என்றால் ஹெக்டேருக்கு 5, கூட்டமாகப் பிடிக்க 20. அதில் ஆண் அந்துதான் விழும். பொறியைப் பயிருக்குச் சற்று மேலே இருக்கும்படி பயிர் வளர வளர உயர்த்திக் கட்ட வேண்டும். நட்டதோடு மறந்துவிட்டால் பொறி பயிருக்குள் முங்கிப் போகும், அந்து குறைந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

அறிகுறி 4: கதிர் வெள்ளை வெளேரென்று நிமிர்ந்து நிற்கிறது

மனசு விட்டுப்போகிற காட்சி இது. செலவெல்லாம் செய்து முடித்து, கதிர் தலை சாய வேண்டிய நேரத்தில், மணி பிடிக்காததால் பாரமில்லாமல் நேராக நிற்கும்.

சில வருடத்துக்கு முன் ஒரு தாளடியில் (குறுவைக்குப் பின் போடும் இரண்டாம் போக நெல்லில்) எனக்கு இது வந்தது. கதிர் எல்லாம் வெளியே வந்து முடிந்த வயல். கடையில் இரண்டு மருந்தைக் கலந்து கொடுத்தார்கள், ஆள் விட்டு ஏக்கர் முழுக்க அடித்தேன். பக்கத்து வயல் பெரியப்பா வரப்பில் நின்றபடியே ஒரு வெள்ளைக் கதிரை உருவி என்னிடம் நீட்டினார். "தம்பி, இந்தக் கதிர் செத்துப் பத்து நாளாச்சு. இதுக்கு இன்னைக்கு மருந்து அடிச்சா என்ன ஆகும்?" என்றார். எதுவும் ஆகவில்லை. வெள்ளைக் கதிர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த ஏக்கருக்குச் செய்த செலவு வீண்.

இங்கேயும் முதல் சோதனை இழுப்பதுதான். குருத்துப்பூச்சி என்றால் கதிர் காம்போடு உருவிக்கொண்டு வரும், அடியில் கடித்த தடம் இருக்கும். இழுத்து வராமல், கதிரின் கழுத்துக் கணுவில் கறுப்பாகவோ பழுப்பாகவோ அழுகி, அந்த இடத்தில் ஒடிந்து தொங்கினால் அது கழுத்துக் குலைநோய். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அதிகம் நடக்கிறது, ஒன்று பூச்சி, மற்றது பூஞ்சாணம். கதிர் பாதி வெளியே வந்து இலையுறைக்குள்ளேயே சிக்கி, உறையில் பழுப்புத் திட்டு இருந்தால் இலையுறை அழுகல். மேட்டுப் பகுதி மட்டும் மொத்தமாக வெளுத்து, இழுத்தால் எதுவும் வராமல் இருந்தால், பூக்கும் நேரத்தில் தண்ணீர் பற்றவில்லை.

குருத்துப்பூச்சிதான் என்றால் அடுத்த முடிவு பயிர் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வயலில் பெரும்பகுதி இன்னும் பொதியிலேயே (கதிர் இலையுறைக்குள் இருக்கும் நிலையில்) இருந்து, முன்னால் வந்த கதிர்களில் நூற்றுக்கு இரண்டு வெள்ளையாக இருந்தால், மீதியைக் காப்பாற்ற மருந்துக்கு அர்த்தம் உண்டு. எல்லாக் கதிரும் வெளியே வந்துவிட்டதா? பணப்பையை மூடி வையுங்கள். இந்தச் சேதத்தைச் செய்த புழு கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு முன்பே உள்ளே போய்விட்டது.

ஆகவே கவனிக்க வேண்டிய காலம் பொதிப் பருவம். அறுவடைக்கு ஏறத்தாழ 30 நாளுக்கு முன் பயிர் பூக்கும், அதற்கு முந்தைய இரண்டு வாரம்தான் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய நாட்கள். அந்த நேரத்தில் அந்து வந்தால், தூர் கட்டும் பருவத்தில் காட்டிய பொறுமையைக் காட்டக் கூடாது. அப்போது போன தூருக்குப் பதில் தூர் வரும். இப்போது போன கதிருக்குப் பதில் கதிர் வராது.

அறிகுறி 5: மருந்து அடித்தும் கேட்கவில்லை

பெரும்பாலும் மருந்தின் குற்றம் இல்லை, நாளின் குற்றம். மேலே சொன்ன வாசலைத் தவறவிட்டு அடித்திருப்போம்.

அடுத்தது, குருணை போட்ட விதம். குருணை மருந்து தண்ணீரில் கரைந்து, வேர் வழியாக ஏறித்தான் வேலை செய்யும். காய்ந்த வயலில் இட்டால் மேலேயே கிடக்கும். ஓரிரு அங்குலம் தண்ணீர் கட்டி, மடையை அடைத்துவிட்டு இட வேண்டும், இரண்டு மூன்று நாள் வடிக்கக் கூடாது. வடித்தால் மருந்து கீழ் வயல்காரருக்குப் போய்விடும், வாய்க்காலில் உள்ள மீனுக்கும் போய்விடும்.

அளவு இதுதான்: குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. என்றால் ஏக்கருக்கு 60 மில்லி தெளிக்கலாம், அதே மருந்து 0.4 சதவீதக் குருணையாக என்றால் 4 கிலோ. கார்டாப் ஹைட்ரோகுளோரைடு 4 ஜி குருணை ஏக்கருக்கு 7.5 முதல் 10 கிலோ. ஏதாவது ஒன்றுதான், ஒன்றோடொன்று கலக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே மருந்தைத் திருப்பித் திருப்பிப் போடாதீர்கள். அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பது டப்பாவில் அச்சடித்திருக்கும், அதைக் கடையிலேயே படித்துவிட்டு வாங்குங்கள். முன்பு எல்லோரும் போட்ட ஃபோரேட் குருணைக்கு 2020 டிசம்பர் 31-லிருந்து நாட்டில் தடை. பழைய சரக்கை யாராவது கொடுத்தால் தொடாதீர்கள்.

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகளை நெல்லில் அடிப்பதை நான் அறவே விட்டுவிட்டேன். சிலந்தியும் மற்ற நல்ல பூச்சிகளும் செத்து, பின்னாலேயே தூரடியில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகிவிடும். குருத்துப்பூச்சி நூற்றுக்குப் பத்தை எடுக்கும், புகையான் திட்டுத் திட்டாக வயலையே எரித்துவிடும்.

ஆரம்ப நிலையில் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் அடிக்கலாம். 10 கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டராக்கிக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்தால் ஒரு ஏக்கருக்கு ஆகும். உள்ளே போன புழுவை இது ஒன்றும் செய்யாது. அப்புறம், எது அடித்தாலும் முகத்துக்குத் துணி கட்டி, காற்று போகும் திசையிலேயே நடந்து அடியுங்கள்.

அறிகுறி 6: யூரியா போட்ட வயலில் மட்டும் அதிகம்

உண்மைதான். கரும்பச்சையாக, சாறேறி நிற்கும் பயிரைத்தான் அந்து தேடி வரும். பக்கத்து வயலைவிட நம் வயல் கறுத்துத் தெரிய வேண்டும் என்று ஒரே தடவையில் மூட்டையைக் கவிழ்ப்பது பூச்சிக்கு அழைப்பு வைப்பது மாதிரி. இலையின் பச்சையை ஒப்பிடும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்து இடுங்கள். ரகத்திலும் வித்தியாசம் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர்க்குப்பத்தில் வந்த டி.கே.எம் 6 இந்தப் பூச்சியைத் தாங்கும் என்றுதான் அதைப் பெற்றோராக வைத்து ஐ.ஆர் 20-ஐ உருவாக்கினார்கள். ஆனால் முழுதாக எதிர்த்து நிற்கும் நெல் ரகம் என்று நம்பி வயலைப் பார்க்காமல் இருக்க முடியாது.

அறிகுறி 7: சோளத்தில், மக்காச்சோளத்தில் குருத்து காய்கிறது

இங்கே கண்ணோடு மூக்கும் வேண்டும். சோளம் முளைத்து ஒரு மாதத்துக்குள் குருத்து காய்ந்து, இழுத்ததும் வந்து, அடி அழுகிக் கெட்ட வாடை அடித்தால் அது அந்துப்பூச்சி இல்லை, குருத்து ஈ. உள்ளே காலில்லாத சிறு வெள்ளைப் புழு இருக்கும். அழுகல் வாடை இல்லாமல், விரியும் இலையில் குறுக்காக வரிசையாக ஊசித்துளை போட்ட மாதிரி ஓட்டைகள் இருந்தால் தண்டுத் துளைப்பான், கைலோ பார்டெல்லஸ். புழு குருத்துக்குள் இருந்தபடியே சுருண்ட இலையை ஊடுருவிக் கடிப்பதால், இலை விரியும்போது ஒரு கடி பல ஓட்டையாகத் தெரியும். முட்டை இலையின் அடிப்புறத்தில் மீன் செதில் மாதிரி ஒன்றன் மேல் ஒன்று சரிந்திருக்கும், மயிர்ப் போர்வை இருக்காது.

இலை கந்தலாகக் கிழிந்து, குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம் குவிந்திருந்தால், 2018-ல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழுவாக இருக்கும். தலையில் தலைகீழ் 'ஒய்' குறியும், வால் பக்கம் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளியும் இருக்கும். புழு இளஞ்சிவப்பாக இருந்தால் அது இளஞ்சிவப்புத் தண்டுத் துளைப்பான், நெல்லிலும் கேழ்வரகிலும் கரும்பிலும்கூட வரும். சோளத்தில் நான்கு வரிசைக்கு ஒரு வரிசை அவரை ஊடுபயிராகப் போடுவது தண்டுத் துளைப்பானைக் குறைக்கும்.

அறிகுறி 8: ஒவ்வொரு வருடமும் அதே வயலில்

அறுவடை முடிந்த மறுநாள் வயலுக்குப் போங்கள். இயந்திரம் அறுத்த வயலில் அடித்தாள் உயரமாக நிற்கும். அரிவாளால் அறுத்த காலத்தில் அடியொட்ட அறுப்போம், புழுவில் ஒரு பகுதி வைக்கோலோடு களத்துக்கு வந்துவிடும். இப்போது எல்லாம் தாளிலேயே தங்கிவிடுகிறது. வளர்ந்த புழு தண்டின் அடிப்பக்கம் இறங்கி, வெளியே போவதற்கு ஒரு வழியை முன்கூட்டியே துளைத்து, அதை மெல்லிய சவ்வால் மூடிவிட்டு, வெண்பட்டுக் கூட்டுக்குள் கூட்டுப்புழுவாகும். நெல் இல்லாத மாதங்களில் புழுவாகவே தாளுக்குள் தூங்கவும் செய்யும்.

வயலில் ஐந்து இடத்தில் இடத்துக்கு நான்கு கட்டையாக இருபது கட்டை பிடுங்கி, மண்ணைக் கழுவிவிட்டு, வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு தூராகப் பிளந்து பாருங்கள். அரை மணி நேர வேலை. நாலைந்து கட்டையில் புழு இருந்தாலே அந்த வாரமே ஈரம் காயும் முன் உழுதுவிடுங்கள், தண்ணீர் கிடைத்தால் தண்ணீர் கட்டி, தாளை மடக்கி அழுக விடுங்கள். எரிக்க வேண்டாம், நெருப்பு தாளின் மேலோடு போய்விடும், புழு மண்ணையொட்டிய அடிக்கட்டையில் இருக்கும். இதைத் தனி ஒருவர் செய்தால் பாதிப் பலன்தான், அந்து வரப்பைப் பார்த்துப் பறப்பதில்லை. பக்கத்து வயல்காரர்களையும் கூப்பிட்டு, பிளந்த கட்டையில் நெளியும் புழுவைக் காட்டுங்கள். எங்கள் மடையில் அப்படித்தான் நான்கு பேர் ஒரே வாரத்தில் உழ ஆரம்பித்தோம்.